ஈத்தூண்டிலும் தூரதேசத்து ஆறுகளும்

மீன்பிடித்தல் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி நெய்தல் நிலத்துக்குரியது. கட்டுமரம், வலை, விடியற்காலைக் கரை, ஏலம் கூறும் குரல். அது தொழில், பசியோடும் கடனோடும் பிணைந்த தொழில். குளத்தங்கரையில் மண்புழுவைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் மாலைக்குள் குழம்புக்கு நாலு கெண்டையாவது சேர வேண்டும். ஆகவே, பிடித்த மீனை முத்தமிடாத குறையாகத் தண்ணீரிலேயே திரும்ப விடுவதற்காகப் பல லட்சம் செலவழித்துப் பூமியின் மறுகோடிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது முதலில் வேடிக்கையாகவே தோன்றும். ஆங்கிலேயர் ஃப்ளை ஃபிஷிங் என்று சொல்லும் இந்தக் கலையை நாம் இங்கே ஈத்தூண்டில் என்று அழைத்துக்கொள்வோம். அதன் பக்தர்கள் தேடிப்போகும் ஊர்களின் பட்டியலை ஒருமுறை பார்த்தால் வேடிக்கை மெல்ல மறைந்து, ஒரு சரித்திரப் புதிர் முன்னால் வந்து நிற்கிறது.

அர்ஜென்டினாவின் தென்கோடியில் டியெரா டெல் ஃபூகோ தீவின் ரியோ கிராண்டே ஆறு. நியூசிலாந்தின் டாவ்போ ஏரியும் அதில் வந்து கலக்கும் டோங்காரீரோ ஆறும். தாஸ்மேனியாவின் நடுமேட்டு ஏரிகள். ஃபாக்லாந்துத் தீவுகள். கென்யாவின் ஆபர்டேர் மலை ஓடைகள். காஷ்மீரப் பள்ளத்தாக்குகள். மனிதக் கால் படாத இடங்கள், ஆதி இயற்கையின் கடைசி மிச்சங்கள் என்றெல்லாம் இவை வருணிக்கப்படுகின்றன. புதிர் இதுதான்: இந்த இடங்கள் எல்லாவற்றிலும் தேடப்படும் மீன் ட்ரவுட். நூற்றறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இவற்றில் ஓர் இடத்தில்கூட ஒரு ட்ரவுட்டும் இருந்ததில்லை.

ட்ரவுட்டும் அதன் உறவான சால்மனும் பூமியின் வடபாதிக்கே உரியவை. பழுப்பு ட்ரவுட்டின் தாயகம் ஐரோப்பாவும் அதையடுத்த மேற்காசியப் பகுதிகளும். வானவில் ட்ரவுட்டின் தாயகம் பசிபிக் கடலின் வடகரைகள்: ஒருபுறம் கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை, மறுபுறம் ரஷ்யாவின் கம்சாட்கா. பூமத்திய ரேகையை இவற்றில் எதுவும் தானாகத் தாண்டியதில்லை. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழக்கூடிய மீனுக்கு வெப்ப மண்டலக் கடல் ஒரு மதில்சுவர். அந்தச் சுவரைத் தாண்டி அவை எப்படிப் போயின, போன இடத்தில் என்ன நடந்தது என்பதே நாம் இங்கே பார்க்க விரும்பும் கதை.

*

ஈத்தூண்டிலின் பூர்வீகம் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், விலங்குகளின் இயல்பைப் பற்றிய தம் நூலில் மாசிடோனிய நாட்டு ஆறு ஒன்றைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள புள்ளி மீன்கள் நீர்மேல் பறந்துவரும் ஒருவகை ஈயை உண்கின்றன. அந்த ஈயைக் கையால் தொட்டால் அதன் நிறமும் இறகும் கெட்டுப்போகின்றன, தூண்டிலுக்கு உதவுவதில்லை. எனவே மீனவர்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, சேவலின் இறகு இரண்டை அதில் பொருத்திப் பொய் ஈ ஒன்றைச் செய்கிறார்கள் என்கிறார். இந்தக் கலையின் சாரம் முழுவதும் இந்தச் சிறு குறிப்பிலேயே அடங்கிவிடுகிறது. இரையைக் கொடுத்து மீனைப் பிடிப்பதல்ல இது. இரையின் தோற்றத்தைக் கொடுத்துப் பிடிப்பது. பொய் ஈக்கு எடையே இல்லை என்பதால் அதை வீசி எறிய முடியாது. கயிற்றின் எடையைக் கொண்டுதான் வீச வேண்டும். கோல் முன்னும் பின்னும் அசைய, கயிறு காற்றில் வளைந்து வளைந்து நீண்டு, நுனியிலுள்ள ஈ நீர்மேல் உதிர்ந்த பூவைப்போல் இறங்க வேண்டும். இதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை.

இங்கிலாந்தில் இந்தக் கலை இலக்கியமாகவும் ஆயிற்று. ஐசக் வால்டன் எழுதிய தூண்டில்காரர் பற்றிய நூல் 1653இல் வெளியானது. 1676இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் சார்ல்ஸ் காட்டன் ஈத்தூண்டில் பற்றிய பகுதியைச் சேர்த்தார். ஆங்கில மொழியில் மிக அதிகமுறை பதிப்பிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரை நிலம் வைத்திருந்த கனவான்களின் விளையாட்டாக அது இறுகியது. எந்த ஆற்றில் யார் தூண்டில் போடலாம் என்பது சொத்துரிமைச் சிக்கலாக இருந்த நாடு அது.

அந்தக் கனவான்களின் கைப்பெட்டியைத் திறந்து பார்த்தால் பேரரசின் வரைபடம் தெரியும். பிளந்து ஒட்டிய மூங்கில் கோல்களுக்கு அக்காலத்தில் கல்கத்தாவிலிருந்து மூங்கில் போயிற்று. பிறகு சீனாவின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. முள்ளுக்கும் கயிற்றுக்கும் இடையிலான மெல்லிய நரம்பு ஸ்பெயினில் பட்டுப்புழுவின் குடலிலிருந்து இழுக்கப்பட்டது. சால்மனுக்கான அலங்கார ஈக்களில் உலகத்துப் பறவைகளின் இறகுகளெல்லாம் கட்டப்பட்டன. அவற்றுள் மிக விரும்பப்பட்ட ஒன்று நம் மலைகளின் சாம்பல் கானக்கோழியின் கழுத்திறகு. மெழுகைச் சொட்டியதுபோல் வெண்மஞ்சள் பொட்டுகள் கொண்ட அந்த இறகு நீருக்குள் சிறுமீனின் கண்ணைப்போல் மினுங்கும் என்பதால் அதற்கு அவ்வளவு கிராக்கி. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் விடியலில் கூவும் பறவையின் இறகு, ஸ்காட்லாந்து ஆற்றில் மீனை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். ஆயினும் பழைய ஈக்களின் மீதான மோகம் தீரவில்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. அவற்றில் சில ஆல்ஃப்ரட் ரஸல் வாலஸ் சேகரித்தவை. திருடியவர் ஈ கட்டும் கலையில் தேர்ந்த ஓர் இளைஞர்.

*

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிய ஆங்கிலேயருக்கு அங்கிருந்த ஆறுகள் வெறுமையாகத் தோன்றின. அவற்றில் மீன் இல்லாமலில்லை. காலக்ஸியா என்னும் செதிலற்ற சிறுமீன்கள் இருந்தன, விலாங்குகள் இருந்தன, வெள்ளரி வாசம் வீசும் கிரேலிங் இருந்தது. ஆனால் வால்டனின் மீன் இல்லை. 1860களில் குடியேற்ற நாடுகள்தோறும் இணக்கப்படுத்தும் சங்கங்கள் என்ற பெயரில் அமைப்புகள் தோன்றின. தாய்நாட்டின் குருவி, முயல், மான், பூச்செடி எல்லாவற்றையும் கொண்டுவந்து புதிய மண்ணில் பழக்குவதே அவற்றின் நோக்கம். முயல் ஆஸ்திரேலியாவை என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. மீன் அவ்வளவு எளிதில் வரவில்லை.

ஜேம்ஸ் ஆர்ன்டெல் யூல் என்பவர் தாஸ்மேனியாவில் நிலவுடைமையாளராக வாழ்ந்து பின்னர் லண்டனில் குடியேறியவர். சால்மனைத் தாஸ்மேனியாவுக்குக் கொண்டுசெல்வதை அவர் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். 1860இலும் 1862இலும் அவர் கப்பலேற்றிய முட்டைகள் வழியிலேயே மடிந்தன. பனிக்கட்டி உருகிப்போக, வெப்ப மண்டலம் தன் வேலையைக் காட்டியது. ஓடும் நீரில் முட்டைகளை வைத்திருக்க வேண்டும் என்று அதுவரை எல்லோரும் நம்பியதுதான் சிக்கல். யூல் வேறு வழியில் யோசித்தார். ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, மரப்பெட்டிகளில் அடைத்து, லண்டனில் பனிக்கட்டி வணிகர்களின் நிலவறைகளில் வைத்துப் பார்த்தார். குளிர் முட்டையின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியதே தவிரக் கொல்லவில்லை. பல வாரங்களுக்குப் பின் எடுத்தபோதும் அவை உயிரோடிருந்தன.

1864 ஜனவரியில் நார்ஃபோக் என்ற பாய்க்கப்பல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சால்மன் முட்டைகளோடு இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. கடைசி நேரத்தில் ஃப்ராங்க் பக்லண்ட், ஃப்ரான்ஸிஸ் ஃப்ரான்ஸிஸ் என்னும் இரு மீன்பிரியர்கள் தென்னிங்கிலாந்து ஆறுகளிலிருந்து சேகரித்த ஏறத்தாழ மூவாயிரம் ட்ரவுட் முட்டைகளையும் சேர்த்து அனுப்பினார்கள். இவை யாரும் கேட்காத உபரிச் சரக்கு. ஏப்ரல் நடுவில் கப்பல் மெல்போர்னை அடைந்தது. அங்கிருந்து வேறு கப்பலில் ஹோபார்ட் போய், படகிலும் மனிதத் தோள்களிலுமாக ஏப்ரல் 21 அன்று ப்ளென்டி ஆற்றங்கரையில் வெட்டிவைத்திருந்த குளங்களை முட்டைகள் எட்டின. சால்மன் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பொரித்தன. ட்ரவுட் பொரித்தது சுமார் முந்நூறுதான்.

இதற்குப்பின் நடந்ததில் ஒரு புராணக்கதையின் முரண் இருக்கிறது. வளர்த்த சால்மன்கள் வழக்கம்போல் கடலுக்குப் போயின. கடலுக்குப் போன சால்மன் பிறந்த ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். இவை திரும்பவேயில்லை. தென்கடலின் நீரோட்டங்களில் அவற்றுக்கு வழி தெரியவில்லை போலும். பல்லாண்டு உழைப்பும் அரசுப் பணமும் செலவழித்த மீன் தோற்றது. கேட்பாரற்று வந்த முந்நூறு ட்ரவுட் குஞ்சுகள் தங்கிவிட்டன, பெருகின. சில ஆண்டுகளில் தாஸ்மேனியாவின் மேட்டுநில ஏரிகளுக்கும் அவை கொண்டுசெல்லப்பட்டன. 1867இல் தாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்கு முட்டைகள் போயின. தென்பாதி உலகின் ட்ரவுட் வம்சத்தில் ஒரு பெரும் கிளைக்கு அந்த உபரிச் சரக்கே மூலம்.

*

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் விடாமுயற்சியின் நீதிக்கதையாக முடிந்திருக்கும். ஈத்தூண்டில் நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் தாஸ்மேனியாவில் ட்ரவுட்டைப் பேணி வளர்த்தவர்களுள் முன்னின்ற ஒருவரைப் பற்றி நாம் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ட்டன் ஆல்போர்ட், ஹோபார்ட் நகரத்து வழக்கறிஞர், இயற்கையியலாளர், புகைப்படக்காரர். மீன் வளர்ப்பில் அயராது பாடுபட்டவர். அவரே தாஸ்மேனியப் பழங்குடியினரின் எலும்புக்கூடுகளைத் தேடியெடுத்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவரும். தாஸ்மேனியப் புலி என்றழைக்கப்பட்ட தைலசீனின் தோல்களையும் எலும்புகளையும் அவ்வாறே அனுப்பினார். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தவை அறிவியல் கழகங்களின் அங்கீகாரமும் பட்டங்களும்.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1820களிலும் 1830களின் தொடக்கத்திலும் நடந்த போரில் தாஸ்மேனியப் பழங்குடியினர் கொன்று குவிக்கப்பட்டு, எஞ்சியவர்கள் ஃப்ளிண்டர்ஸ் தீவுக்கு அகற்றப்பட்டார்கள். நார்ஃபோக் கப்பல் வந்தது 1864இல். 1869இல் வில்லியம் லேன் இறந்தபோது, தாஸ்மேனியப் பழங்குடி ஆண்களில் கடைசியானவர் என்று கருதி அவருடைய உடலை ஆராய்ச்சியின் பெயரால் சிதைத்தார்கள். 1876இல் ட்ருகனினி இறந்தார். அந்த இனமே அழிந்துவிட்டது என்று பாடநூல்கள் நூறாண்டு எழுதின. அது பொய். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள், மூதாதையரின் எலும்புகளைத் திரும்பக் கேட்டுப் பெறுகிறார்கள். முட்டைகள் ஒரு திசையில் வந்துகொண்டிருந்தபோது எலும்புகள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே கை கையாண்டது. அந்தக் கைக்குரியவர் தம் காலத்தில் கொடியவராகக் கருதப்படவில்லை, பண்பாளராகவே போற்றப்பட்டார் என்பதுதான் நம்மை அதிகம் கலங்கவைக்கிறது.

நியூசிலாந்தில் மீனோடு சட்டமும் வந்தது. 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து வானவில் ட்ரவுட் வந்துசேர்ந்தது. டாவ்போ, ரோட்டருவா ஏரிகளில் அது பெருத்துக் கொழுத்தது. எதைத் தின்று கொழுத்தது? மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாக வலையிட்டு உண்டுவந்த கோவரோ என்ற சிறுமீனைத் தின்று. உணவு மீன் அருகியபின், அதை அழித்த மீனைப் பிடித்து உண்ணலாமென்றால் அதற்கு உரிமம் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். தங்கள் ஏரியிலேயே மாவோரிகள் திருட்டுத் தூண்டில்காரர்கள் ஆனார்கள். 1926இல் ஒரு சட்டத்தின் வழியாக டாவ்போ ஏரியின் அடிநிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, தூஃபாரெட்டோவா இனத்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர ஒப்புக்கொண்டது. அதே 1926இல்தான் அமெரிக்க எழுத்தாளர் ஸேன் க்ரே அங்கே வந்தார். டோங்காரீரோவைத் தூண்டில்காரரின் பொன்னுலகம் என்று புகழ்ந்து அவர் எழுதிய நூல் அந்த ஆற்றை உலகப் பயணிகளின் வரைபடத்தில் வைத்தது. ஏரியின் அடிநிலம் அந்த இனத்தாருக்குத் திரும்பியது 1992இல்.

கிரேலிங் மீனுக்கு அந்த நியாயமும் கிடைக்கவில்லை. மாவோரிகள் உபோகொரோரோ என்றழைத்த அந்த மீன் ஒருகாலத்தில் ஆறுகளில் கூட்டங்கூட்டமாக ஏறியது. காடழிப்பும் ட்ரவுட்டும் சேர்ந்து அதை முடித்தன என்பது பொதுவான முடிபு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது கண்ணில் படுவது நின்றுவிட்டது. 1951இல் நியூசிலாந்து அரசு அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. இல்லாத மீனுக்குக் கிடைத்த பாதுகாப்பு.

*

நம் பக்கத்து மலைகளுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. மதராஸ் இராணுவத்தில் மருத்துவராக இருந்து பின்னாளில் இந்திய மீனியலின் பெரும்பெயரான ஃப்ரான்ஸிஸ் டே, 1860களிலேயே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். இலங்கையில் 1880களில் நுவரெலியாவுக்குப் பழுப்பு ட்ரவுட் வந்தது. பிறகு வந்த வானவில் ட்ரவுட்டே ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இனம் பெருக்கி நிலைத்தது. 1900இல் காஷ்மீருக்கு ஸ்காட்லாந்துக் குஞ்சுகள் வந்தன. 1905இல் கென்யாவின் குரா ஆற்றுக்குச் சுமைதூக்கிகளின் தலைச்சுமையாய் அவை ஏறின. 1907ஐ ஒட்டி எச்.சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்து வானவில் ட்ரவுட் முட்டைகள் தருவிக்கப்பட்டன. அவலாஞ்சி ஓடையில் நீந்தும் மீனின் முன்னோர் கலிஃபோர்னியாவில் பிறந்து, பேரரசின் மலைவாசத்தலங்கள் வழியே இங்கு வந்தவர்கள்.

நீலகிரி மேட்டுநிலத்தில் இதற்கு முன்பே வேறு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரம் வந்தது, வாட்டில் மரமும் அங்கிருந்தே வந்தது. சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி வந்த நிலம், ஒரு பக்கம் தேயிலையாலும் மறுபக்கம் தைலத்தாலும் மூடப்பட்டது. அந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்த தோடர்கள் மீன் உண்பதில்லை. ஓடை அவர்களுக்கு மந்தைக்கான நீர். பாலோடும் வழிபாட்டோடும் சேர்ந்த புனிதம். உண்ணாதவரின் ஓடை, மேலாளரின் கணக்கில் வெற்று ஓடையாயிற்று. இங்கிலாந்தின் மீனையும் ஆஸ்திரேலியாவின் மரத்தையும் ஒரே மலையில் நட்டுப் பார்த்தவர்களுக்கு நிலம் என்பது எழுதப்படாத பலகை.

ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் நன்னீர் இறால் ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. பெரிய மீனே இல்லாத குளிர்ந்த ஓடையில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த உயிருக்கு, மேலிருந்து பாயும் வேட்டையாளி என்ற அனுபவமே கிடையாது. இப்போது அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

*

ட்ரவுட்டின் பயணம் தென்னமெரிக்காவில் சற்றுப் பிந்தியே தொடங்கியது. 1904இல் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு ப்யூனோஸ் ஏர்ஸ் வந்த முட்டைகள், ரயிலிலும் வண்டியிலுமாகப் படகோனியாவின் நஹுவேல் ஹுவாப்பி ஏரிக்குப் போயின. டியெரா டெல் ஃபூகோவின் ரியோ கிராண்டே ஆற்றுக்கு 1935இல் ஜான் குடால் என்பவர் சிலியிலிருந்து பழுப்பு ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து கிளையாறுகளில் இட்டார். அந்த மீன்கள் கடலுக்குப் போகும் வழியைத் தாமாகவே கண்டுகொண்டன. கடலில் தின்று பெருத்துப் பத்துக் கிலோவுக்கும் மேலாக ஆற்றுக்குத் திரும்பின. தாஸ்மேனியச் சால்மன் செய்யாததை ஃபூகோ ட்ரவுட் செய்தது. இன்று உலகின் மிகப்பெரிய கடலோடி ட்ரவுட்டுகளைத் தேடுகிறவர்கள் போகும் இடம் அதுதான். அந்த ஆற்றின் கரைகளில் பெரும்பாலும் மரமில்லை. ஓயாத காற்றும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும்தான். இந்தத் தனிமையே பயணிகளுக்குக் கிடைக்கும் பெரும்பேறு.

ஆனால் அந்தப் புல்வெளி தானாக வெறுமையானதல்ல. அது செல்க்நாம் மக்களின் நாடு. குவனாகோ என்ற விலங்கை வேட்டையாடி, அதன் தோலைப் போர்த்து வாழ்ந்தவர்கள். 1880களில் சில ஆயிரம் பேராக இருந்தார்கள். அதே காலத்தில் பெரும் ஆட்டுப்பண்ணைகள் வந்தன, கம்பிவேலி வந்தது. குவனாகோ அருகியபோது அவர்கள் ஆடுகளை வேட்டையாடினார்கள். பண்ணையாளர்கள் அவர்களைக் கொல்ல ஆள் வைத்துக் கூலி கொடுத்தார்கள். உயிர்தப்பியவர்கள் மிஷன்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே காசநோயாலும் தட்டம்மையாலும் மாண்டார்கள். மார்ட்டின் குசிண்டே என்ற பாதிரியார் 1918க்கும் 1924க்கும் இடையே அங்கே தங்கி அவர்களுடைய சடங்குகளைப் பதிவு செய்தபோது எஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேரே. 1935இல் ட்ரவுட் முட்டைகள் அந்த நீரில் இடப்பட்டபோது அந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரைச் சொல்லக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணும் நிலை நெருங்கியிருந்தது. பழைய முறையில் வாழ்ந்த நினைவுகளைப் பாடல்களாக வைத்திருந்த லோலா கியெப்ஹா என்ற மூதாட்டி 1966இல் இறந்தார். அவர் பாடியவற்றை ஆன் சாப்மன் என்ற மானுடவியலாளர் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். அங்கும் சந்ததியினர் இருக்கிறார்கள், தங்களை மீண்டும் செல்க்நாம் என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, தொலைவு என்ற சொல்லை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொலைவு என்பது எங்கிருந்து? லண்டனிலிருந்து தொலைவு, நியூயார்க்கிலிருந்து தொலைவு. அங்கே வாழ்ந்தவருக்கு அது முற்றம். ஓர் இடம் ஆளரவமற்றதாக நமக்குக் கிடைக்கிறது என்றால், அங்கே ஆளே இருந்ததில்லை என்பது ஒரு சாத்தியம், இருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள் என்பது இன்னொரு சாத்தியம். ஈத்தூண்டிலின் புகழ்பெற்ற தென்பாதி ஆறுகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

உண்மையிலேயே ஆளில்லாத இடங்களும் இல்லாமலில்லை. தென்னிந்தியப் பெருங்கடலில், ரீயூனியன் தீவிலிருந்து கப்பலில் மட்டுமே போகக்கூடிய பிரெஞ்சு கெர்கெலன் தீவுகளில் பழங்குடிகள் இருந்ததில்லை, நன்னீர் மீனும் இருந்ததில்லை. 1950களில் அங்கே ட்ரவுட் விடப்பட்டது. அது கடல்வழியாக ஆற்றிலிருந்து ஆறு தாவித் தீவெங்கும் பரவிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். மனிதக் கால் படாத ஓடையிலும் மனிதர் விட்ட மீன் முன்னே போய்க் காத்திருக்கிறது.

மறுபக்கம் கம்சாட்கா. சோவியத் காலத்தில் இராணுவக் காரணங்களால் மூடப்பட்டு, 1990வரை அயல்நாட்டார் நுழைய முடியாதிருந்த தீபகற்பம். அங்கே வானவில் ட்ரவுட் யாரும் கொண்டுவந்ததல்ல, அந்த மண்ணுக்கே உரியது. பிறந்த ஆற்றில் அதைப் பார்க்க வேண்டுமென்று போகிறவர்களுக்குப் பனிப்போரின் முட்கம்பியே அந்த ஆறுகளைக் காத்துக்கொடுத்தது.

*

ஈத்தூண்டில்காரர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் எழுந்துபோய்விடுவது எளிது. அது நேர்மையாகாது. ட்ரவுட் தெளிந்த குளிர்நீரில் மட்டுமே வாழும். எனவே அதை நேசிப்பவர்கள் ஆற்றையும் நேசிக்க நேர்ந்தது. அணைகளுக்கும் ஆலைக்கழிவுக்கும் எதிராக முதலில் குரல் கொடுத்தவர்களில் அவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். பிடித்ததை விட்டுவிடுவது என்ற நெறியும் அவர்களிடையே தோன்றியதே. கெடுத்த கை சிலவற்றைக் காத்துமிருக்கிறது. சரித்திரத்தில் கணக்கு ஒருபோதும் ஒரே பத்தியில் நேராவதில்லை.

அதற்கு ஒரு சான்றோடு முடிக்கலாம். தாஸ்மேனியாவின் தென்மேற்கில் பெடர் என்றொரு ஏரி இருந்தது. இளஞ்சிவப்பு மணற்கரைக்குப் பெயர்பெற்றது. 1972இல் நீர்மின் திட்டத்துக்காக அதைப் பெருநீர்த்தேக்கத்தில் மூழ்கடித்தார்கள். அதை எதிர்த்த இயக்கத்திலிருந்துதான் உலகின் முதல் பசுமைக் கட்சி என்று கருதப்படும் அமைப்பு பிறந்தது. பெடர் ஏரியில் மட்டும் வாழ்ந்த ஒரு காலக்ஸியா மீன் உண்டு, விரலளவு, பொன்னிறத்தில் வரிகள். பெருகிய நீரோடு ட்ரவுட்டும் வேற்று மீன்களும் உள்ளே வந்தன. சில ஆண்டுகள் அந்தச் சிறுமீன் செழித்தது, பிறகு சரிந்தது. கடைசியில் தேடித்தேடிப் பிடித்ததில் கிடைத்தவை சில பத்து மீன்களே. 1990களில் அவற்றை வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரின் உச்சியில், நடந்தே எட்டவேண்டிய ஓபெரான் என்ற ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அதில் அதற்குமுன் மீன் இருந்ததில்லை. ட்ரவுட் ஏற முடியாத உயரம் அது. அங்கே அந்த மீன் தழைத்தது. தன் பெயரிலுள்ள ஏரியில் அது இன்று இல்லை. பெயரில்லாத ஏரியில் இருக்கிறது.

உயிருள்ள மீனைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு, மனிதர் எட்டாத தொலைவுக்கு மலையேறிப் போய், மீனில்லாத நீரில் விடுதல். 1864இல் ப்ளென்டி ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் செய்ததும் இதே செயல்தான். அன்று அவர்களுக்குத் தாங்கள் கொண்டுவந்த மீனின்மேல் மட்டும் அக்கறை இருந்தது. வந்துசேர்ந்த நீரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓபெரான் ஏரிக்குப் போனவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே போனார்கள். இரண்டு பயணங்களுக்கும் நடுவே நூற்று முப்பது ஆண்டுகள். அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. அதற்குள் உபோகொரோரோ போய்விட்டது.